இரண்டு கேபிள், ஒரே பள்ளம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சரக்கு முனையங்கள் கிளவுட் மென்பொருளுக்கு, அதாவது வேறெங்கோ உள்ள சர்வரில் இயங்கி இணையம் வழியாகவே கிடைக்கும் மென்பொருளுக்கு, மாறிவருவதை வரவேற்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாற்றம் நல்லதுதான். ஆனால் இணைய இணைப்பு அறுந்தால் முனையம் என்ன செய்யும் என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கன்டெய்னர் யார்டில் பல ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கியிருந்தோம். ஒருநாள் வாசலுக்கு வெளியே சாலையைத் தோண்டிய பொக்லைன் எந்திரம் இரண்டையும் ஒரே இழுப்பில் அறுத்துவிட்டது. இரு கேபிள்களும் ஒரே பள்ளத்தில் கிடந்தது அன்றுதான் எங்களுக்குத் தெரியும். கன்டெய்னர்கள் கண்ணெதிரே அடுக்கடுக்காக நின்றன. எது யாருடையது என்று சொல்லத்தான் வழியில்லை. வரிசையில் இடம் போய்விடும் என்று லாரி ஓட்டுநர்கள் தண்ணீர் குடிக்கக்கூட இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அதை என்னால் மறக்க முடியவில்லை.

எத்தனை நிறுவனம் என்று கேட்டால் போதாது. கேபிள் வரும் பாதையின் வரைபடத்தையே கேட்டு வாங்க வேண்டும். மூன்றாவது வழியாக 4ஜி அல்லது செயற்கைக்கோள் இணைப்பு இருப்பது நல்லது. அதன் வேகம் குறைவாக இருந்தால் கண்காணிப்புக் கேமராக்களை நிறுத்திவிட்டு, கேட்டுக்கும் கிரேனுக்கும் மட்டும் ஒதுக்க வேண்டும். ரூட்டருக்கு யுபிஎஸ் இல்லையென்றால் இவ்வளவும் வீண்.

கிளவுட் மென்பொருள் நிறுவனங்கள், 99.9 சதவீத நேரம் சேவை இயங்கும் என்று உத்தரவாதம் என்கிறார்கள். கணக்குப் போட்டால் அதுவே ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரத் தடையை அனுமதிக்கிறது. அந்த உத்தரவாதமும் வழக்கமாக அவர்களுடைய சர்வருக்குத்தான். நம் வாசல்வரை வரும் கேபிளுக்கு இல்லை.

2023 நவம்பரில் இணையத் தாக்குதலைக் கண்டறிந்த டிபி வேர்ல்டு ஆஸ்திரேலியா என்ற துறைமுக முனைய நிறுவனம், தன் இணைய இணைப்பைத் தானே துண்டித்தது. கப்பலிலிருந்து சரக்கை இறக்க முடிந்தது. லாரியில் ஏற்றி வெளியே அனுப்ப முடியவில்லை. சில நாட்களில் சுமார் 30,000 கன்டெய்னர்கள் தேங்கின.

ஆகவே முனையத்துக்குள்ளேயே ஒரு கணினியில், சில நிமிடங்களுக்கு ஒருமுறை, யார்டு நிலவரம் பிரதியாகப் பதிவாக வேண்டும். எந்தப் பெட்டி எங்கே, எதற்கு விடுவிப்பு ஆணை வந்துவிட்டது, குளிர்பதனப் பெட்டி ஒவ்வொன்றும் எந்த வெப்பநிலையில் இருக்க வேண்டும் என்பவை அதில் இருந்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அபாயகரமான சரக்குகளின் பட்டியல். இணைப்பு இல்லாத நேரத்தில் ஓர் அடுக்கில் தீப்பிடித்தால், உள்ளே இருப்பது என்னவென்று தெரியாமல் தீயணைப்பு வீரர்களை எப்படி அனுப்புவது? இந்தப் பட்டியலை ஒவ்வொரு ஷிஃப்டிலும் அச்செடுத்துக் கேட்டில் வைப்பதற்குச் சில தாள்கள்தான் செலவு.

இணைப்பு போய் எத்தனை நிமிடத்தில் காகிதத்துக்கு மாறுவது, அதை முடிவு செய்பவர் யார் என்பதும் முன்பே எழுதி வைக்கப்பட வேண்டும். எங்களிடம் அது இல்லை. "இதோ வந்துவிடும்" என்று காத்திருந்தே பாதி ஷிஃப்டை இழந்தோம். கையால் எழுதும் கேட் பாஸுக்குத் தனி எண் வரிசையும் வேண்டும். எங்களிடம் எண்கள் மோதியதால், இணைப்பு திரும்பிய பிறகு கணக்கை நேர்செய்ய மேலும் இரண்டு நாள் பிடித்தது.

கட்டுரையாளர் இதைத் தொடர்ந்து எழுதினால், முனைய மேலாளர்கள் கடைசியாக எப்போது தாங்களே கேபிளைக் கழற்றிச் சோதித்தார்கள் என்று கேட்டு எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற யார்டு மேற்பார்வையாளர்