ஒரு கந்தரப்பத்தின் கணக்கு

காரைக்குடி

அன்புள்ள உமையாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள். வளவில் ஒழுகிக்கொண்டிருந்த ஓடுகளை மழைக்கு முன்பே மாற்றிவிட்டோம்.

மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரை அளவு (HbA1c) 6.1 சதவீதம் என்று எழுதியிருந்தாய். 5.7 வந்தாலே எச்சரிக்கை, 6.5 ஆனால் நீரிழிவு. எண்ணைவிட அடுத்த வரிதான் என்னை உறுத்தியது: "சீனியை விட்டுவிட்டேன், இடைப்பலகாரத்துக்குக் கந்தரப்பம் மட்டும், வெல்லம்தானே." என் மாமியாரும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கால்விரல் புண் ஆறவே இல்லை. பக்கத்தில் இருந்து மருந்து கட்டியவள் நான்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை தராசை எடுத்து வைத்துக்கொண்டு கந்தரப்பம் சுட்டேன். பச்சரிசி 200 கிராம், உளுந்தும் கடலைப்பருப்புமாக 50, வெல்லம் 200, தேங்காய்த்துருவல் 50. மொத்தம் 24 அப்பம் வந்தன. சுடுவதற்கு முன்னும் பின்னும் எண்ணெய்ச் சட்டியை நிறுத்தேன்; 120 கிராம் குறைந்திருந்தது. அப்பத்துக்கு 5 கிராம் எண்ணெய், அதிலேயே 45 கலோரி. மாவோடு சேர்த்தால் ஒன்றுக்கு ஏறக்குறைய 120. புரதம் ஒரு கிராமுக்குச் சற்றே மேல், அவ்வளவுதான். உளுந்து இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். அரிசிக்கு முன்னால் அது கைப்பிடி கூட இல்லை.

வெல்லக் கணக்கைக் கேள். ஓர் அப்பத்தில் 8 கிராம், மூன்றில் 25. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அளவு, நாள் முழுவதற்குமே 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது. காப்பியில் போடுவதும் அதற்குள் அடக்கம். வெல்லத்தில் இரும்புச்சத்து உண்டுதான், ஆனால் 8 கிராமில் கிடைப்பது சொற்பம். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் சீனிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

விட்டுவிடு என்று நான் சொல்லமாட்டேன். கரண்டி மாவு எண்ணெயில் அடிக்குப் போய், ஒரு மூச்சுக்குப் பிறகு உப்பி மேலே வரும். ஓரம் சிவந்து நடு மெத்தென்று நிற்கும். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நேற்று வெல்லத்தை 140 கிராமாகக் குறைத்துப் பார்த்தேன். பாகம் கெடவில்லை. வெல்லம் கூடினால் அப்பம் பிரிந்து எண்ணெய் குடிக்கும். இது கட்டாக நின்றது, சட்டியில் எண்ணெயும் மிஞ்சியது. இனிப்பு மட்டும் கொஞ்சம் மட்டு. ஏலக்காயை இரண்டு கூட்டித் தட்டிப் போட்டேன்.

இந்த அளவில் சுட்டு, வெறும் வயிற்றில் இல்லாமல் மதியச் சாப்பாட்டோடு ஒன்று சாப்பிடு. தினமும் வேண்டாம், விசேஷ நாளில் மட்டும். மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு வருவாய் அல்லவா? அதற்குள் இன்னொரு முறை ரத்தப் பரிசோதனை செய்து, வந்த எண்ணை எனக்கு எழுது. உன் பங்குக்குச் சின்னக் கரண்டியில் ஊற்றித் தனியாக எடுத்துவைப்பேன்.

அன்புடன்,
வள்ளியம்மை