உங்கள் உதவி எண்ணில் கிடைத்த யோசனை பற்றிய புகார்

அனுப்புநர்: நான்கு மாதங்களாக உங்கள் ஹார்மோன் மருந்தை உட்கொண்டுவரும் வாடிக்கையாளர்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு, மருந்துப் பாதுகாப்புப் பிரிவு

பொருள்: மாதவிடாய் நின்றபின் எடுத்துக்கொள்ளும் ஹார்மோன் மருந்தால் ஏற்பட்ட வயிற்றுத் தொல்லைகளும், அவை குறித்து உங்கள் உதவி எண்ணில் தரப்பட்ட தவறான ஆலோசனையும்.

மதிப்பிற்குரியீர்,

உங்கள் மருந்து வேலை செய்யவில்லை என்பதல்ல என் புகார். நன்றாகவே வேலை செய்கிறது. இரண்டு ஆண்டுகளாக இரவில் நான்கைந்து முறை வியர்வையில் நனைந்து எழுந்துகொண்டிருந்தவள், மருந்தைத் தொடங்கி ஒரு மாதம் ஆவதற்குள் விடியும்வரை உறங்கினேன். பயனில்லாத மருந்தாக இருந்திருந்தால் குப்பையில் போட்டுவிட்டு மறந்திருப்பேன். இப்படி உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

எனக்கு வயது 53. காலையில் 1 மில்லிகிராம் எஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன்) மாத்திரை, இரவில் படுக்கப்போகும் முன் 100 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூல். இரண்டுமே உங்கள் தயாரிப்பு. மூன்றாம் நாள் குமட்டல் தொடங்கியது. வாந்தி இல்லை, ஆனால் எந்த நேரமும் தொண்டைவரை வந்து நிற்கிற உணர்வு. இரண்டாம் வாரத்தில் வயிறு உப்ப ஆரம்பித்தது. காலையில் சரியாக இருக்கும் உடை மாலையில் இடுப்பில் இறுக்கும். மூன்று நாளைக்கு ஒருமுறை மலம் கழிந்தால் அதுவே பெரிது. நெஞ்செரிச்சலுக்கு ஒரு மருந்து, மலச்சிக்கலுக்கு ஒரு மருந்து என்று வாங்கிச் சாப்பிட்டேன். எல்லாவற்றுக்கும் வயதுதான் காரணம் என்று நினைத்தேன்.

பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். "குமட்டல், வயிற்று உப்புசம், வாயு, மலச்சிக்கல்" என்று நான்கு சொற்கள், தலைவலிக்கும் தோல் அரிப்புக்கும் நடுவே. அவ்வளவுதான். எப்போது தொடங்கும், எத்தனை நாள் நீடிக்கும், என்ன செய்தால் குறையும், எந்த நிலையில் மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை.

உங்கள் உதவி எண்ணுக்கு மூன்று முறை அழைத்தேன். முதல் அழைப்பில் "மருத்துவரைக் கலந்தாலோசியுங்கள்" என்றார்கள். அது பிழையான பதில் அல்ல, பயனும் அல்ல. இரண்டாவது அழைப்பில் பேசியவர், இரண்டு மருந்துகளையும் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார். மாத்திரைக்கு அது பொருந்தும். குமட்டல் கொஞ்சம் குறைந்தது. கேப்ஸ்யூலுக்குப் பொருந்தாது. உணவோடு உள்ளே போனால் புரோஜெஸ்டிரோன் வழக்கத்தைவிடக் கூடுதலாக இரத்தத்தில் கலக்கும். அந்த வாரம் முழுவதும் காலையில் தலை சுற்றியது. ஒருநாள் குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு பார்த்தால், "இதை உணவுடன் உட்கொள்ள வேண்டாம்" என்று உங்கள் தாளின் பின்பக்கத்தில் நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். உங்கள் தாளை உங்கள் ஆட்களே படிப்பதில்லை என்றால் நான் யாரை நம்புவது?

மூன்றாவது அழைப்புதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. உப்புசத்தைப் பற்றி மறுபடியும் சொன்னேன். "அது கேப்ஸ்யூலால் வருவது, வயிறு சரியாகும்வரை அதை மட்டும் நிறுத்திவிட்டு மாத்திரையைத் தொடருங்கள்" என்று பதில் வந்தது. ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னார். நானும் யோசிக்காமல் நிறுத்தினேன். வயிறு இளகியது, உண்மைதான். நான்காம் நாள் உதிரம் பட்டது. மாதவிடாய் நின்று இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு உதிரத்தைப் பார்க்கும் பெண் முதலில் என்ன நினைப்பாள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

என் மருத்துவர் இதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கருப்பை இருக்கும் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். காலப்போக்கில் அது புற்றுநோய்வரை கொண்டுபோகலாம். அதைத் தடுக்கத்தான் புரோஜெஸ்டிரோன். வயிற்றைத் தொந்தரவு செய்கிறது என்று அதை மட்டும் கழற்றிவிட முடியாது. சில நாள் இடைவெளியால் பெரிய கேடு வந்துவிடாது, திடீரென நிறுத்தியதால்தான் உதிரம் வந்திருக்கும் என்று ஆறுதல் சொன்னாலும், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். உட்சுவர் மெலிதாகவே இருந்தது. சினைப்பைகளையும் பார்த்தார். 50 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு உப்புசம் விடாமல் இருந்தால் அதை மருந்தின் தலையில் மட்டும் போட்டுவிடக் கூடாது, சினைப்பைப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்கு உங்கள் தாளில் இடமில்லாமல் போய்விட்டதா?

வயிறு ஏன் இப்படி ஆகிறது என்பதையும் அவரே இரண்டு நிமிடங்களில் விளக்கினார். புரோஜெஸ்டிரோன் குடலின் தசைகளைத் தளர்த்துகிறது, உள்ளே இருப்பது மெதுவாக நகர்கிறது, காற்று தங்குகிறது. கருவுற்றிருக்கும்போது மலச்சிக்கலும் நெஞ்செரிச்சலும் வருவதற்கும் இதே ஹார்மோன் ஒரு காரணமாம். இரண்டு பிள்ளை பெற்றவள் நான். இப்படிச் சொல்லியிருந்தால் முதல் நாளே புரிந்திருக்கும். பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் உடல் பழகிக்கொள்ளும் என்றும் சொன்னார். "மூன்று மாதம்" என்ற கெடு தெரிந்திருந்தால் அந்த முதல் வாரங்களை நான் வேறு மனநிலையில் கடந்திருப்பேன்.

இப்போது மாத்திரைக்குப் பதிலாக வாரத்திற்கு இருமுறை மாற்றும் பேட்ச் ஒட்டிக்கொள்கிறேன். தோல் வழியாக நேரே இரத்தத்தில் கலப்பதால் அது இரைப்பையைத் தொடுவதில்லை, குமட்டல் நின்றுவிட்டது. விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்பைக் கூட்டும், முதலில் கல்லீரல் வழியாகப் போகாத பேட்சில் அந்தக் கவலை குறைவு என்பதும் இப்போதுதான் தெரிந்தது. கேப்ஸ்யூலை மீண்டும் தொடங்கி, படுக்கும்போது வெறும் வயிற்றில் எடுக்கிறேன். உப்புசம் பாதியாகக் குறைந்திருக்கிறது. அந்த பேட்சையும் நீங்கள்தான் தயாரிக்கிறீர்கள். மூன்று அழைப்புகளில் ஒருவர்கூட, இப்படியும் ஒரு வழி இருக்கிறது, மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லவில்லை.

பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை. புரோஜெஸ்டிரோனை மட்டும் நிறுத்தச் சொல்லும் ஆலோசனை உங்கள் உதவி எண்ணில் இனி யாருக்கும் தரப்படாது என்று எழுத்தில் உறுதி வேண்டும். என்னைப்போல் நிறுத்தியவர்கள் இன்னும் எத்தனை பேர் என்று தேடி, அவர்களை நீங்களே அழைத்துச் சொல்ல வேண்டும். இது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். அந்த நான்கு சொற்களுக்குப் பக்கத்தில், எத்தனை நாள் பொறுக்கலாம், விலாவின் வலப்பக்கம் கடுமையாக வலித்தாலோ கண் மஞ்சளித்தாலோ எதிர்பாராமல் உதிரம் பட்டாலோ என்ன செய்ய வேண்டும் என்பதைப் படிக்கக்கூடிய எழுத்தில் அச்சிடுங்கள்.

இன்னொன்று. வாடிக்கையாளர் சொல்லும் பக்கவிளைவுகளைப் பதிவு செய்வது மருந்து நிறுவனத்தின் கடமை என்று அறிகிறேன். என் மூன்று அழைப்புகளில் எத்தனை அப்படிப் பதிவாகியுள்ளன? மூன்றாவது அழைப்பின் ஒலிப்பதிவு உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் அதன் நகலையும், பதிவு எண்களையும் அனுப்பிவையுங்கள். மாத்திரை அட்டைகள், அவற்றின் தொகுதி எண்களோடு, என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

பதிலைத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம். எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: மருத்துவரின் குறிப்பு, ஸ்கேன் அறிக்கை ஆகியவற்றின் நகல்கள், அழைத்த தேதிகளும் நேரங்களும்.