தேனில் ஊறிய பச்சை அக்ரூட்டும் ஆச்சியின் தைராய்டு மாத்திரையும்

சிவமயம்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் இயற்கை அங்காடி நடத்தும் வணிகப் பெருமக்களுக்கு,

வணக்கம். முப்பத்தோரு ஆண்டுகள் மருந்துக்கடையில் நின்றவன் நான். கடையை விட்ட பிறகும், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாளைப் பிரித்துப் படிக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. இந்த மடலும் அந்தப் பழக்கத்தால் வந்ததுதான்.

சென்ற மாதம் ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். (வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் வீடுகளில் அக்காளை ஆச்சி என்போம்.) வளவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் கடையில் வாங்கிய கண்ணாடிப் பாட்டிலை எடுத்து வந்தார். நிறையத் தேன், அதற்குள் கன்னங்கரேலென்று எலுமிச்சை அளவில் காய்கள். மூடியைத் திறக்கையில் சிந்திய சாறு ஆத்தங்குடிக் கல்லில் விழுந்தது. புளி, சோப்புத்தூள், சுண்ணாம்பு என்று எதைப் போட்டுத் தேய்த்தும் அந்தப் பழுப்பு வட்டம் அசையவில்லை. பாட்டிலில் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். “பச்சை வாதுமை. அயோடின் சுரங்கம். தைராய்டு அறவே நீங்கும். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று.” விலை 1,150 ரூபாய்.

முதலில் பெயர்க் குழப்பம். வாதுமை என்றதும் ஆச்சி நினைத்தது பள்ளிக்கூட முற்றத்து நாட்டு வாதுமையை. சின்ன வயதில் கல்லெறிந்து தின்ற காய்தானே என்று துணிந்து வாங்கிவிட்டார். பாட்டிலில் இருந்ததோ அக்ரூட், அதாவது வால்நட். குளிர் தேசத்து மரம். காஷ்மீரில் விளையும், நம் செம்மண்ணிலும் வெயிலிலும் பிழைக்காது. ஓடு இறுகுவதற்கு முன், ஊசி குத்தினால் மறுபக்கம் வரும் பருவத்தில் பறித்தால் அது பச்சை அக்ரூட். நம் மாவடு மாதிரிதான்.

தின்பண்டமாக அதை நான் பழிக்கவில்லை. இத்தாலியர்கள் ஜூன் 24ஐ ஒட்டிப் பறித்துச் சாராயத்தில் ஊறவைத்து நொசீனோ என்ற மதுவாக்குகிறார்கள். ஆங்கிலேயர்கள் உப்புநீரில் போட்டு, வெயிலில் கறுக்கவிட்டு, வினிகரில் ஊறுகாய் போடுகிறார்கள். ஆர்மேனியாவிலும் ஜார்ஜியாவிலும் தோலைச் சீவி, நாள்கணக்கில் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, சுண்ணாம்பு நீரில் போட்டெடுத்து, அதற்குப் பிறகுதான் பாகில் காய்ச்சுகிறார்கள். பூசணி மிட்டாய் செய்பவர்களுக்குச் சுண்ணாம்பு நீரின் வேலை தெரியும்: காய் குழையாது. தண்ணீர் மாற்றுவது கசப்பும் துவர்ப்பும் இறங்குவதற்காக. வெட்டிய காயை நேரே தேனில் போட்டால், இறங்குகிற கசப்பு வேறு எங்கே போகும்? தேனிலேயே தங்கும்.

அந்தக் கறைக்கும் கசப்புக்கும் துவர்ப்புச் சத்தோடு ஜுக்லோன் என்ற பொருளும் காரணம். மருதாணியில் சிவப்பேற்றும் லாசோனும் இதுவும் ஒரே வாய்பாடு கொண்டவை. அணுக்கள் நிற்கும் இடத்தில்தான் வேறுபாடு. ஆனால் மருதாணி போல இது சாதுவல்ல. பச்சைத் தோலின் சாறு பட்டுச் சிலருக்குக் கொப்புளம் கிளம்பும். அமெரிக்காவின் கறுப்பு அக்ரூட் மரத்தடியில் தக்காளிச் செடி வாடிவிடும். அதன் பச்சைத் தோலை நசுக்கி நீரில் கலந்து, மீனை மயக்கிப் பிடித்ததும் உண்டு.

நல்லதையும் சொல்ல வேண்டும். பச்சைக் காயில் வைட்டமின் சி ஏராளம். ஊறவைத்து, கொதிக்கவைத்த பிறகு அதில் பெரும்பகுதி போய்விடும் என்பதால், அதற்காக நம் நெல்லிக்காயை விட்டுவிட்டு இதைத் தேட வேண்டியதில்லை. இதயத்துக்கு நல்லது என்று சொல்வதெல்லாம் முற்றிய பருப்பைப் பற்றி. அதில் 100 கிராமுக்கு சுமார் 65 கிராம் கொழுப்பு, பெரும்பாலும் நல்ல வகை, ஒமேகா 3 உட்பட. பச்சைக் காய்க்குள் பருப்பு இன்னும் நுங்குப் பதத்தில் இருக்கிறது. பெரியவனின் சம்பளத்தைச் சின்னவன் கணக்கில் எழுதக்கூடாது.

அயோடினுக்கு வருகிறேன். மரம் எடுக்கும் அயோடின் அது நிற்கும் மண்ணைப் பொறுத்தது. நாம் வாங்கும் உப்பிலேயே கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆச்சிக்கு இருப்பது ஹாஷிமோட்டோ. உடம்பின் காவல்படையே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நோய். அதற்கு அயோடின் கூடுதலாகப் போனால் நிலைமை மோசமாகவும் கூடும்.

இனி அந்தத் துண்டுத்தாள். ஆச்சி போடும் தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சினின் உட்கிரகிப்பைக் குறைக்கக்கூடியவை என்று அதில் ஒரு பட்டியல் உண்டு: சோயா மாவு, பருத்திக்கொட்டை மாவு, நார்ச்சத்து, வால்நட். ஆம், வால்நட். தைராய்டுக்கு மருந்து என்று நீங்கள் விற்பது, தைராய்டு மாத்திரையின் தாளில் எச்சரிக்கைப் பட்டியலில் இருக்கிறது. அதையும் வெறும் வயிற்றில், மாத்திரை போடும் அதே வேளையில் தின்னச் சொல்கிறீர்கள்.

நான்கு மாதத்தில் ஆச்சியின் டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் ரத்தப் பரிசோதனை அளவு) 3லிருந்து 19க்கு ஏறியிருந்தது. பழியை முழுக்கக் காயின் மீது போடமாட்டேன். கடைக்காரர் பேச்சைக் கேட்டு மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டிருக்கிறார். அந்தப் பேச்சைத்தான் கேட்கிறேன்: எந்தத் தைரியத்தில் சொன்னீர்கள்? தவறான உணவு விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. நான் இன்னும் புகார் எழுதவில்லை. உள்ளூர் வணிகர்கள், முகம் தெரிந்தவர்கள் என்று முதலில் உங்களுக்கே எழுதுகிறேன்.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு ஒட்டுங்கள். அக்ரூட் என்று பெயர் இருக்கட்டும். மரக்கொட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் தொடக்கூடாது என்பது கொட்டை எழுத்தில் வேண்டும். மரக்கொட்டை இருப்பதைக் குறிப்பிடுவது சட்டப்படியும் கட்டாயம். தேன் இருப்பதால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நாக்கில் தடவக்கூடத் தரக்கூடாது. எத்தனை நாள் தண்ணீர் மாற்றி ஊறவைத்தார்கள் என்று, உங்களுக்கு அனுப்புகிறவரைக் கேட்டு எழுதுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிப்போன தைராய்டு நோயாளிகளைத் தொலைபேசியில் அழைத்து, மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். பில் புத்தகத்தில் எண்கள் இருக்குமே.

ஆச்சி இப்போது மாத்திரையை முழுதாகப் போடுகிறார். பாட்டிலில் பதினோரு காய்கள் மிச்சம்; காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட மனமில்லை என்று பரணில் ஏற்றிவைத்திருக்கிறார். ஆத்தங்குடிக் கல்லில் பட்ட கறையை எடுக்க உங்கள் கடையில் ஏதாவது இருந்தால் சொல்லியனுப்புங்கள், காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் மருந்துக்கடைக்காரன்,
காரைக்குடி