விலை சொல்வதற்கு முன் செயினை அளந்து பாருங்கள்

வேலூர், காட்பாடி சைக்கிள் கடைக்காரர்களுக்கு வணக்கம்.

சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். அப்பா ஓட்டிய சைக்கிள் இன்னும் என்னிடம் ஓடுகிறது. செயின் ஓடும் பல்சக்கரத்தில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல், செயினை முழுக்க மூடிய கவர். எப்போதாவது பெடல் கட்டையை அச்சோடு பிடித்திருக்கும் காட்டர் பின் தளர்ந்து பெடல் 'டக் டக்' என்று அடிக்கும். சுத்தியலால் இரண்டு தட்டு, சரியாகிவிடும். வருஷத்துக்கு ஒருமுறை ஓவராயில், அவ்வளவுதான் செலவு.

மகளுக்கு வாங்கியது 21 கியர் சைக்கிள். பாலாற்றுப் பாலம் தாண்டித் தினமும் காட்பாடி போய்வருகிறாள். செயின் தேய்ந்ததும் உங்களில் ஒருவர் கடையில் புதுச் செயின் மாட்டினார்கள். அழுத்தி மிதித்தால் செயின் பல்லைத் தாவியது. தேய்ந்த பல்லில் புதுச் செயின் உட்காராது என்பதை மறுபடி போனபோதுதான் சொன்னார்கள். இரண்டாவது பில்!

கியரைக் குறை சொல்லவில்லை. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அப்பாவின் சைக்கிளை நான் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். ஆனால் பழையதில் செயின் நேர்கோட்டில் ஓடும், புழுதி படாது. கியர் சைக்கிளில் செயின் கோணலாக இழுபடுகிறது, கவரும் இல்லை. ரோட்டு மணல் எண்ணெயோடு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி அரைக்கிறது. பின்னால் 12 பல்சக்கர அடுக்கு உள்ளவற்றில் செயினின் மொத்த அகலமே ஐந்தரை மில்லிமீட்டருக்குள். 7 அடுக்குச் செயின் 7 மில்லிமீட்டருக்கு மேல். மெல்லிய செயின் என்றால் சீக்கிரம் தேயும் என்று சொல்லமாட்டேன், அதன் இரும்பும் வேலைப்பாடும் உசத்தி. மாற்றும் அன்றைக்குத் தேய்வது நம் பர்ஸ்.

கேட்பது ஒன்றுதான். கடையில் ஒரு இரும்பு ஸ்கேல் மாட்டி வையுங்கள். செயின் கண்ணிகளைக் கோக்கும் ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலை வைத்தால், புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு பின் வரும். தேய்ந்து நீண்ட செயினில் அது 1/16 அங்குலம் தள்ளியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். 1/8 அங்குலம் தள்ளியிருந்தால் பின்பல்லும் பெரும்பாலும் போயிருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், ஊருக்குள் சமதரையில் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குச் சைக்கிள் கேட்டு வந்தால், கியர் இல்லாததையும் ஒருமுறை எடுத்துக் காட்டுங்கள்.

அடுத்த மாதம் மகளின் சைக்கிளோடு வருவேன். ஸ்கேல் இல்லையென்றால் என்னுடையதைத் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்