சொருகுவதற்குச் சுவர் வேண்டாமா?

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு வாகனப் பக்கத்தில் பிளக்-இன் ஹைபிரிட் கார்களைப் பற்றி, அதாவது பெற்றோல் எஞ்சினோடு, மின்சாரத்தில் சொருகி ஏற்றும் பற்றரியும் உள்ள கார்களைப் பற்றி, வந்த கட்டுரையை வாசித்தேன். "இரவு படுக்கப் போகும்போது சொருகிவிட்டால் போதும், மறுநாள் பெற்றோல் என்ற பேச்சுக்கே இடமில்லை" என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். நல்லது. எங்கே சொருகுவது என்பதையும் அவரே சொல்லியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறேன். கார் நிற்பது நிலக்கீழ்த் தரிப்பிடத்தில். அங்கே உள்ள ஒரே பிளக் பொயின்ற், காவலாளி கேத்தல் போடுவதற்கானது. ஓர் இரவு அதில் காரைச் சொருகினேன். விடியக் கீழே போனால், வயரை அழகாகச் சுருட்டி பொனற்றின் மேல் வைத்திருந்தார்கள். கூடவே ஒரு துண்டு: பொது மீற்றரில் ஏறும் காசை யார் கட்டுவது? கேள்வி நியாயமானதுதான். என் செலவில் தனி மீற்றர் போடுகிறேன் என்று முகாமைத்துவக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன். அடுத்த பொதுக் கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். லிஃப்ற் திருத்துவதையும் அந்தக் கூட்டத்தில்தான் பார்க்கப்போகிறார்களாம், பல காலமாக.

ஆக, என் கார் பெற்றோலில்தான் ஓடுகிறது. பற்றரி இறங்கினால் இந்தக் கார் நின்றுவிடாது, சொருகத் தேவையில்லாத சாதாரண ஹைபிரிட் போல ஓடும். ஆனால் சொருகுவதற்கென்றே வைத்த பெரிய பற்றரியின் பாரத்தையும் சேர்த்து இழுக்கும். இதை எனக்குக் கார் விற்றவர் சொல்லவில்லை, உங்கள் கட்டுரையாளரும் சொல்லவில்லை. பக்கத்திலேயே கால் பக்க விளம்பரம் போட்ட இறக்குமதியாளர் சொல்லப்போவதுமில்லை.

தொடர்மாடிக்காரனின் புலம்பல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஐரோப்பிய ஆணையம் கார்களிலேயே பதிவான எரிபொருள் கணக்கை எடுத்துப் பார்த்து 2024 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது உங்களுக்குத் தெரியாததல்ல. பிளக்-இன் ஹைபிரிட்கள் வீதியில் வெளிவிடும் காபனீரொட்சைட், ஆய்வுகூடக் கணக்கைவிட மூன்றரை மடங்கு. வெறும் பெற்றோல், டீசல் கார்களில் அந்த வித்தியாசம் 20 சதவீதம் அளவுதான். காரணம், நினைத்த அளவுக்கு ஆட்கள் சொருகுவதில்லை. எங்களைவிட எத்தனையோ சார்ஜர் உள்ள நாடுகளிலேயே அந்தக் கதி.

யாழ்ப்பாணம் கொக்குவிலில் என் மச்சான் இதே வகைக் கார்தான் வைத்திருக்கிறார். சொந்த வீடு, கூரையில் சோலார், போர்ட்டிகோவில் பொயின்ற். டவுனுக்குப் போய்வர அவருக்குப் பற்றரியே காணும். கொழும்புக்கு வெளிக்கிட்டால்தான், ஆனையிறவுக்கு முன்னமே எஞ்சின் எழும்பிவிடும். இப்படி ஒரு கார் உலகத்திலேயே இல்லை என்பார். அவர் சொல்வதும் உண்மை. ஆனால் அவருடைய போர்ட்டிகோவை நம்பி எனக்கு ஏன் கட்டுரை எழுதுகிறீர்கள்?

அப்புறம், 2022 ஐயும் சொல்லத்தான் வேண்டும். நாங்கள் இரவிரவாகப் பெற்றோல் வரிசையில் கிடந்த காலத்தில், மின்சாரத்தில் ஓடும் வாகனக்காரர் பாக்கியவான்கள் என்று இதே பக்கத்தில் எழுதினீர்கள். அந்த வருடம் மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை எப்படி மறந்தீர்களோ தெரியாது. அதைச் சுட்டிக்காட்டி ஒரு கடிதம் எழுதினேன். மூன்று வரியாக வெட்டி, வெள்ளவத்தையை வத்தளையாக்கிப் பிரசுரித்தீர்கள். எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றானபோது எழுதியது வெளிவரவேயில்லை. சரி, இடப்பற்றாக்குறையாக இருந்திருக்கும்.

இப்போது பேசாமல் இருக்க முடியவில்லை. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியைத் திரும்பத் திறந்ததிலிருந்து, லீசிங் எடுத்தாவது ஒரு கார் வாங்கத் துடிப்பவர்கள் உங்கள் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு என்னிடம் யோசனை கேட்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் தொடர்மாடிக்காரர், மீதிப் பேர் வாடகை வீட்டுக்காரர்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இனி இந்தக் கார்களைப் பற்றிப் போடும்போது, 'சொந்தத் தரிப்பிடத்தில் பிளக் பொயின்ற் உள்ளவர்களுக்கு' என்று தலைப்புக்குக் கீழே ஒரு வரி சேருங்கள். விளம்பரம் போக இடம் மிஞ்சினால் போதும்.

இப்படிக்கு,
வாசகன்,
வெள்ளவத்தை (வத்தளை அல்ல).