171ஆவது பெயர்

ஒஷாவா,
கனடா

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுதப் பிந்தியதற்குக் குளிரைச் சாட்டுச் சொல்லலாம். உண்மையில் பஞ்சிதான். முழங்கால் பரவாயில்லை, பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள், வீட்டில் எல்லோரும் சுகம்.

பதினைந்து வயதுக்குட்பட்ட கிரிக்கெட் அணிக்கு ஆள் தெரிவு செய்கிற வேலையை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். நம் இருவரையும் அந்தக் காலத்தில் அரைமணி நேரம்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பினார்களே, ஞாபகம் இருக்கிறதா? உன்னைக் கட்டை என்றார்கள். என்னை ஏன் விட்டார்கள் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. இப்போது நீயே அந்தக் கதிரையில் இருக்கிறாய்! ஆளை எப்படிப் பார்ப்பது, உங்கள் ஊரில் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். நல்ல ஆளிடம்தான் கேட்டாய். இரண்டு குளிர்காலமாக அதைத்தான் வேடிக்கை பார்க்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு இங்குள்ள ஐஸ் ஹொக்கி அரங்கில் மாலை வேலை. வாசலில் நின்று ரிக்கெற் பார்க்க வேண்டும், ஆட்டம் தொடங்கியபின் உள்ளே நின்று பார்க்கலாம். ஒஷாவா ஜெனரல்ஸ் என்ற அணி. பதினாறிலிருந்து இருபது வயதுவரை உள்ள பையன்கள். வருடத்துக்கு 68 ஆட்டம், இரவில் பஸ் பயணம், பகலில் பள்ளிக்கூடம். பெற்றோரை விட்டு வந்து யாரோ ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கியிருப்பார்கள். என் பக்கத்து வீட்டிலும் ஒருவன் இருக்கிறான். காலையில் ஆறு முட்டை சாப்பிடுவான். என் வாசல் பனியையும் கேட்காமலே அள்ளிவிடுவான்.

அரங்கின் ஒரு மூலையில், மேல் வரிசையில், ஆட்டத்துக்கு ஆட்டம் பத்துப் பதினைந்து பேர் வந்து உட்காருவார்கள். கையில் கோப்பி, மடியில் கொப்பி. கைதட்ட மாட்டார்கள், கோல் விழுந்தாலும் எழும்ப மாட்டார்கள். இவர்கள்தான் ஸ்கவுட்டுகள். காக்கிக் காற்சட்டை போட்ட நம் சாரணர் இல்லை, பெரிய அணிகளுக்கு ஆள் தேடுகிறவர்கள். நாம் வயல்வெளியில் இரண்டு தலைவர்கள் நின்று மாறி மாறி ஆள் பிரிப்போமே, அதையே இங்கே மேடை போட்டு, தொலைக்காட்சியில் காட்டிச் செய்கிறார்கள். பெயர் டிராஃப்ட். என்.எச்.எல். என்பது வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹொக்கி லீக். அதில் 32 அணிகள், 7 சுற்று, மொத்தம் 224 பையன்கள். போன வருடம் மோசமாக ஆடிய அணிகளுக்குச் சீட்டுக் குலுக்கி முதல் இடங்களைக் கொடுப்பார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை இருபத்தைந்தில் எப்படி இருப்பான் என்று ஊகிக்க வேண்டும். சாத்திரம் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எல்லோரையும்போல நானும் பக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். (பக் என்பது பந்துக்குப் பதிலான கறுப்பு ரப்பர் வில்லை.) மூலையில் இருக்கும் கிழவர் ஒருவர், பல வருடம் இதே தொழிலில் இருப்பவர், ஒருநாள் என்னிடம், பக்கைப் பார்க்காதே, ஒரு பையனைத் தேர்ந்தெடுத்து அவனை மட்டும் பார் என்றார். செய்து பார்த்தேன். அது வேறு விளையாட்டு, மச்சான்! பக் வந்து சேருமுன் தலையைத் திருப்பிப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறானா? பக்கைப் பறிகொடுத்தால் திரும்பி ஓடுகிறானா, இல்லை மட்டையை ஐஸில் அடித்துக் கோபத்தைக் காட்டுகிறானா? பயிற்சியாளர் ஏசினால் முகம் எப்படிப் போகிறது? கோல் அடிப்பதை யாரும் பார்க்கலாம், பத்திரிகையில் வந்துவிடும். அந்த மூலையில் எழுதப்படுவது மற்றது.

ஆட்டத்தோடு முடிவதுமில்லை. தகப்பனின் உயரம், தாயின் உயரம் எல்லாம் பார்ப்பார்கள், பையன் இன்னும் வளர்வானா என்று அறிய. பக்கத்து வீட்டுக்கு ஒருவர் தொலைபேசியில் எடுத்து, பையன் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிறானா என்று கேட்டாராம். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு துருவ மாட்டார்கள்.

இவ்வளவு பார்த்தும் பிழை விடுகிறார்கள். 1993இல் ஒட்டாவா அணி அலெக்சாண்டர் டேக் என்ற பையனை முதலாவதாக எடுத்தது. இரண்டாவதாகப் போனவனை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள் என்று அவன் வாயை விட்டான். அந்த இரண்டாமவன் கிறிஸ் புறோங்கர். பிறகு, மிகச் சிறந்த ஆட்டக்காரரை மட்டும் சேர்த்துக் கௌரவிக்கும் ஹொக்கிப் புகழ் மண்டபத்துக்கே போனான். டேக் மேல் வைத்த எதிர்பார்ப்பு அவன் தோளுக்குத் தாங்கவில்லை.

இன்னொன்று, 2014இல் நடந்தது. டிராஃப்டுக்கு முன் பையன்களை ஒரு முகாமில் கூட்டி, சைக்கிள் மிதிக்க விட்டு, கம்பியில் தொங்க விட்டு உடலைச் சோதிப்பார்கள். வட அமெரிக்கப் பையன்களின் பட்டியலில் முதலிடத்தில் இருந்த சாம் பெனற்றால் கம்பியில் ஒரு தடவைகூட உடலைத் தூக்க முடியவில்லை. பத்திரிகைகள் அதையே எழுதித் தள்ளின. கல்கரி நாலாவதாக எடுத்தது. 2025இல் புளோரிடா அணி என்.எச்.எல்.லின் ஸ்ரான்லி கோப்பையை வென்றபோது அந்தக் கோப்பைத் தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரன் விருது அவனுக்குத்தான் போனது. கம்பி பாவம், அதற்கு ஹொக்கி தெரியாது.

ஆனால் என்னை இரவில் யோசிக்க வைப்பது இந்தப் பிழைகள் அல்ல. நல்ல கண்டுபிடிப்புகள் பல, வேறு ஒருவனைப் பார்க்கப் போன இடத்தில் நடந்திருக்கின்றன. 1961இல் பொஸ்ரன் அணியின் ஆட்கள் கனனோக்வே என்ற சிற்றூருக்கு இரண்டு பையன்களைப் பார்க்கப் போனார்கள். எதிரணியில் எல்லோரிலும் சின்னவனாக ஒரு பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பொடியன் பக்கை யாருக்கும் கொடுக்காமல் ஆடிக்கொண்டிருந்தான். போன வேலையை மறந்துவிட்டார்கள். அவன்தான் பொபி ஓர். பதினான்கு வயதில் ஆட வந்தது இதே ஒஷாவாவுக்கு. இன்றைக்கும் அரங்கில் கிழவர்கள் அவன் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள்.

அப்புறம் டெற்றோயிற் கதை. அந்த அணிக்கு ஐரோப்பாவில் ஆள் பார்த்தவர் ஹோகன் அண்டர்சன் என்ற சுவீடன்காரர். ரஷ்யாவில் கலினின் என்ற தடுப்பாட்டக்காரனைப் பார்க்கப் போனவரின் கண்ணில் எதிரணியின் மெலிந்த பாவெல் டட்சியூக் பட்டான். முன்னைய வருடங்களில் எந்த அணியும் சீண்டாத ஆள். 1998இல் டெற்றோயிற் அவனை 171ஆவதாக எடுத்தது. அடுத்த வருடம் அதே அண்டர்சன் சொல்லி 210ஆவதாக ஹென்ரிக் செற்றர்பெர்க். 2008இல் டெற்றோயிற் கோப்பை வென்றபோது இரண்டு பேரும் அணியின் தூண்கள்.

இதைச் சொல்லி டெற்றோயிற்காரர் மார்தட்டுவார்கள். நான் கிழவரிடம் கேட்டேன், அவ்வளவு தெரிந்திருந்தால் ஏன் 171 வரை காத்திருந்தார்கள்? இடையில் வேறு யாராவது எடுத்திருந்தால்? அவர் சிரித்துவிட்டுக் கோப்பியைக் குடித்தார். பாதி கண், பாதி அதிர்ஷ்டம் என்பதுதான் என் கணக்கு.

அதே 171ஆவது இடத்தில் 1984இல் லொஸ் ஏஞ்சலிஸ் எடுத்தது லூக் றொபிற்றாயை. ஐஸில் சறுக்கும் திறமை போதாது என்று ஒதுக்கப்பட்டவன் 668 கோல் அடித்து ஓய்வுபெற்றான். அவனுக்கு முன்னால், 69ஆவதாக, அதே அணி எடுத்த ரொம் கிளாவின் ஹொக்கிப் பக்கமே வரவில்லை, பேஸ்போல் எறியப் போய் அங்கே புகழ் மண்டபத்தில் இருக்கிறான். ஆக, கண் சரிதான், விளையாட்டுத்தான் மாறிப்போனது!

ஒரு பகிடியும் சொல்ல வேண்டும். 1974இல் டிராஃப்ட் தொலைபேசியில் நடந்தது. அலுத்துப்போன பஃபலோ அணி மனேஜர் பஞ்ச் இம்லக், 183ஆவது ஆளாக, தோக்கியோ கட்டானாஸ் அணியின் தாரோ சுஜிமோட்டோ என்று ஒரு பெயரைச் சொல்ல, லீக்கும் எழுதிக்கொண்டது. அப்படி ஓர் ஆளும் இல்லை, அணியும் இல்லை. பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

நம் பிள்ளைகள் இதில் வருவார்களா என்றும் கேட்டிருந்தாய். ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் சிலர் சறுக்கப் பழகுகிறார்கள், ஆனால் செலவு கண்ணைக் கட்டும். பஞ்சாபிகள் முந்திவிட்டார்கள். அர்ஷ்தீப் பெயின்ஸ் 2021-22இல் மேற்கு லீக்கிலேயே (இங்குள்ள பையன்களின் லீக் மாதிரி, மேற்குப் பக்கத்துக்கு) அதிகப் புள்ளி எடுத்தான். அடித்த கோலும், கோலுக்குக் கொடுத்த உதவியும் சேர்ந்ததுதான் புள்ளி. அதற்கு முன் என்.எச்.எல். டிராஃப்டில் அவன் பெயரை யாரும் கூப்பிடவில்லை. வான்கூவர் அணி நேரே ஒப்பந்தம் போட்டது.

உன்னைப் போன்ற கட்டைகளுக்கும் செய்தி உண்டு. மார்ட்டின் சென் லூயி ஐந்தடி எட்டு அங்குலம்தான். ஒருவரும் டிராஃப்டில் எடுக்கவில்லை. 2004இல் லீக்கின் அதிகப் புள்ளி, சிறந்த வீரன் விருது, கோப்பை மூன்றும் அவனுக்கு. இதைப் படித்துவிட்டு இப்போது மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதே, இடுப்பைக் கவனி.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். இங்கே சின்னப் பையன்களைப் பிறந்த வருடப்படி பிரிக்கிறார்கள். தையில் பிறந்தவனும் மார்கழியில் பிறந்தவனும் ஒரே குழு. ஒன்பது வயதில் பதினொரு மாதம் என்பது அரை அடி மாதிரி. பெரியவனுக்கு நல்ல பயிற்சியாளர் கிடைக்கும், அதிக ஆட்டம் கிடைக்கும், பிறகு அவன் உண்மையாகவே கெட்டிக்காரன் ஆகிவிடுவான். அதனால் மேல்மட்ட அணிகளில் வருடத்தின் முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்கள்தான் அதிகம். இதைக் கேட்ட அன்று வீட்டுக்கு வந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். நீ கார்த்திகை, நான் மார்கழி. நம்மைத் திருப்பி அனுப்பிய அன்று நின்றவர்களில் கடைக்குட்டிகள் நாம்தானே!

நீ எழுதியிருந்த அந்தச் சின்னவன், மட்டை அவனைவிடப் பெரிதாகத் தெரிகிறது என்றாயே, அவன் எந்த மாதம் பிறந்தவன் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
சிவம்