'ஒரே இரத்தத்தினாலே': ஒரு திருத்தம் வேண்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மனித குலம் முழுவதற்கும் வரலாறு ஒன்றே என்ற எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்கள் தந்த கொடை என்று சென்ற இதழின் கட்டுரை போகிற போக்கில் எழுதிச் செல்கிறது. அந்த நூற்றாண்டின் தலைமகனான பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர், வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் அல்லர் என்று வாதிட்டவர் என்பது தாங்கள் அறியாததல்ல. 410இல் ரோம் சூறையாடப்பட்ட பின் 'கடவுளின் நகரம்' எழுதிய கிறிஸ்தவ ஆயர் அகுஸ்தீன் என்பவரோ, நாய்த்தலை மனிதர், ஒற்றைக்கால் மனிதர் என்று உலவிய கதைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு, அத்தகையோர் உண்மையிலேயே இருந்து, பகுத்தறிவும் உடையவர்களானால், அவர்களும் ஆதாமின் பிள்ளைகளே என்று முடித்தார். அசீரியருக்கும் ரோமருக்கும் எபிரேயருக்கும் அந்த நூலில் ஒரே கதைதான். ஆதாமில் தொடங்கி இறுதித் தீர்ப்பில் முடிகிற கதை.

இதே பொருள் பற்றி நான் முன்பு எழுதிய இரண்டு கடிதங்களும் இடமின்மையால் வெளிவரவில்லை. அவ்விதழ்களில் ராசிபலனுக்கு முழுப் பக்கம் கிடைத்திருந்தது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் தாத்தா படம் போட்டதோடு எங்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று என்று கருதினீர்கள் போலும்.

என் தந்தையார் உபதேசியாராக இருந்தவர். நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே சாதி பிரிக்கும் இடுப்பளவுச் சுவர் ஒன்று நின்றது. ஆச்சியின் பெட்டியை அதற்கு மேற்கேதான் இறக்க வேண்டும் என்று சபைப் பெரியவர்கள் பிடிவாதமாக நின்றார்கள். அப்பா அவர்களோடு வாதாடவில்லை. அடக்க ஆராதனையில் வழக்கமாக வாசிக்கும் பகுதியை விட்டுவிட்டு, அந்தச் சுவரைப் பார்த்தபடியே, 'மனுஷஜாதியான சகல ஜனங்களையும் அவர் ஒரே இரத்தத்தினாலே தோன்றப்பண்ணி' என்று வாசித்தார். சுவர் அப்படியேதான் இருந்தது, ஆச்சியும் மேற்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். அது எங்கள் சபையின் பாவம்; தங்கள் கட்டுரையாளர் அதை எவ்வளவு கடுமையாக எழுதினாலும் கீழே கையெழுத்திட நான் தயார். ஆனால் அது பாவம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது வோல்தேர் அல்ல.

கட்டுரையாளர் அந்த வசனத்தை வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தில் உள்ளதாகக் குறிப்பிட்டு, யூதரின் குலப்பெருமை என்று தள்ளிவிடுகிறார். அது புதிய ஏற்பாட்டிலுள்ள அப்போஸ்தலர் நடபடிகள் 17:26. யூதரான பவுல் ஏதென்ஸில் மார்ஸ் மேடையில் நின்று, தம் குலத்தைச் சேராத கிரேக்கரிடம் சொன்னது. அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இடமில்லையெனில் ராசிபலன் பக்கத்தின் அடியில் போட்டாலும் எனக்கு மறுப்பில்லை.

தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், திருநெல்வேலி மாவட்டம்